பேய்ப்படம் பயமுறுத்தவில்லை என்றால் குறை யாரிடம்?

கேள்வி இதுதான். விமர்சகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரு திகில் படம். மதிப்பீட்டுத் தளத்தில் 90 சதவீதத்துக்கு மேல். நம்பிப் போய் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் மூன்று இடத்தில் தூக்கிவாரிப் போட்டதோடு சரி, மீதி நேரமெல்லாம் கொட்டாவி. கூட வந்தவர் 'செம படம்' என்கிறார். பொதுமக்கள் போட்ட மதிப்பெண்ணோ விமர்சகர்கள் போட்டதில் பாதிகூட இல்லை. இதில் யார் சொல்வது சரி? பேய்ப்படத்தை எதை வைத்து மதிப்பிடுவது?

'பயமே வரல' என்று மட்டும் சொல்வது, மருத்துவரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது போல. எங்கே, எப்போதிலிருந்து என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும். ஒரு திகில் படம் முதல் நிமிடத்திலிருந்தே பயமுறுத்தாமல் போவது அபூர்வம். பெரும்பாலும் முதல் அரைமணி நேரம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருக்கும். அப்புறம் ஏதோ ஒரு காட்சியில் பிடி கழன்றுவிடும். அதற்குப் பிறகு திரையில் எது நடந்தாலும் அது வெறும் சத்தம். அந்தக் காட்சி எது என்று கண்டுபிடித்துவிட்டால் குறை படத்திலா, விளம்பரத்திலா, பார்த்த விதத்திலா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. எதிர்பாராமல் படாரென்று சத்தம் கேட்டால் கண் இமைக்கும், தோள் ஏறும், கழுத்து உள்ளே போகும். ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள்ளேயே தொடங்கிவிடும் அனிச்சைச் செயல் இது. 'என்ன அது' என்று மூளை கேட்பதற்குள் உடம்பு வேலையை முடித்திருக்கும். காற்றில் கதவு அறைந்துகொண்டாலும் இதேதான் நடக்கும். ஆகவே ஒரு படம் உங்களை நாலு முறை துள்ள வைத்தது என்பது அந்தப் படத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஒலிக்கலவை செய்தவரிடம் ஒலியைக் கூட்ட ஒரு கைப்பிடி இருந்தது என்று மட்டும் சொல்கிறது. அந்தக் கைப்பிடியும் தேயும். ஒரே மாதிரிச் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு பழகிவிடும். முதல் ஜம்ப் ஸ்கேரில், அதாவது படாரென்று துள்ள வைக்கும் காட்சியில், துள்ளியவர் ஏழாவதில் கைப்பேசியை எடுத்து நேரம் பார்ப்பார்.

ஆனால் அதே அனிச்சை, ஏற்கெனவே கிலி பிடித்திருக்கும் ஆளிடம் பன்மடங்கு பலமாக வேலை செய்யும். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று சொல்லிவைத்தவர் திரைக்கதை எழுதியவர் இல்லை, ஆனால் திகில் படத்தின் மொத்தச் சூத்திரமும் அதில் இருக்கிறது: முதலில் ஆளை அரள வை, பிறகு வெறும் இருட்டைக் காட்டினால் போதும். சொதப்பிய படங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பேயை முதலில் காட்டிவிட்டு, அதைப் பார்த்து நாம் அரள்வோம் என்று காத்திருக்கின்றன.

இதற்குப் பழைய, தேயாத உதாரணம் ஒன்று உண்டு. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் ஆளில்லாத தெருவில் நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் காலடி ஓசை. ஒரு கட்டத்தில் அந்த ஓசை நின்றுவிடுகிறது. இவள் வேகம் கூட்டுகிறாள். சீறல் போல ஒரு சத்தத்தோடு சட்டென்று சட்டகத்துக்குள் நுழைகிறது ஒரு பேருந்து. அவ்வளவுதான். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்திக்கே 'லூட்டன் பஸ்' என்று பெயர் வந்துவிட்டது. இந்தக் காட்சியில் வேலை செய்வது பேருந்து இல்லை, நின்றுபோன காலடி ஓசை. பின்னால் வந்தவள் எங்கே போனாள் என்ற கேள்வி நம் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருக்கும்போது பேருந்து வருகிறது. பிறகு வந்தவர்கள் பேருந்தை மட்டும் நகலெடுத்தார்கள், காலடியை விட்டுவிட்டார்கள். சன்னலில் பாயும் பூனை, தோளில் விழும் நண்பனின் கை எல்லாம் அந்த வகைதான்.

இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன கணக்கும் பலருக்குத் தெரிந்திருக்கும். மேஜைக்கடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. தெரிந்தபின் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் 15 நிமிடப் பதைப்பு. பார்வையாளருக்கு எதை, எப்போது, எவ்வளவு தெரியப்படுத்துவது என்பதுதான் இந்தத் தொழிலே.

ஒரு காட்சியைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். குளியலறை, கண்ணாடி வைத்த சின்ன அலமாரி. ஒருவர் கதவைத் திறக்கிறார், மாத்திரை எடுக்கிறார், மூடுகிறார். மூடும்போது கண்ணாடியில் அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முகம். நூறு படங்களில் வந்த காட்சி என்பதால் கதவு திறந்த நொடியிலேயே பார்வையாளருக்குள் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். மோசமான படம் என்ன செய்யும்? முதலில் இசையை இறக்கி நம்மை எச்சரிக்கும். அடுத்து, ஆளை நடுவில் நிறுத்தாமல் ஓரமாகத் தள்ளி, தோளுக்குப் பக்கத்தில் ஒரு காலியிடம் விட்டுவைக்கும். பேய்க்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருப்பது போல அது பளிச்சென்று தெரியும். பிறகு கதவு மூடுகிற அதே நொடியில் படார். முகத்தை மூன்று நொடி காட்டும். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்றால் 72 சட்டகங்கள். ஒப்பனை எங்கே ஒட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் போதுமான நேரம்.

நல்ல படம் அதே அலமாரியை வைத்து வேறொன்று செய்யும். கதவு மூடும், எதுவும் இருக்காது. உங்கள் மூச்சு இறங்கும். ஆனால் ஷாட் வெட்டுப்படாது. இன்னும் எட்டு, பத்து நொடி அவர் முகம் கழுவிக்கொண்டிருப்பார். பின்னால் தொங்கும் துண்டின் மடிப்பில், கவனம் குவியாத மங்கலில், ஏதோ ஒன்று காட்சி தொடங்கியதிலிருந்தே அங்கே நின்றிருப்பது மெல்லப் புலப்படும். சத்தம் கிடையாது, இசை கிடையாது. அது அசைந்ததா என்று நீங்கள் உற்றுப் பார்க்கும்போது, அரை நொடிக்குள், 12 சட்டகத்தில், அடுத்த காட்சிக்கு வெட்டிவிடுவார்கள். முதல் வகையில் படம் உங்களைத் தாக்குகிறது. இரண்டாவதில் உங்கள் கண்ணே தேடிப்போய் மாட்டிக்கொள்கிறது. இதில் செலவு வித்தியாசம் ஒன்றுமில்லை என்பதுதான் எரிச்சலான விஷயம்.

பிடி கழலும் இடங்களில் முதலாவது, பேயை முழுசாகக் காட்டுவது. 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால் ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமல் இசையாலும் தண்ணீரில் இழுபடும் பீப்பாய்களாலும் சமாளித்தார். படத்துக்கு அதுவே பலமாகிப்போனது. பார்க்காத உருவத்துக்கு அளவு கிடையாது; பார்த்த நொடியில் உயரம், நிறம், பல் எண்ணிக்கை எல்லாம் வந்துவிடுகிறது. கணினியில் செய்த உருவம் என்றால் இன்னும் சில ஓட்டைகள் சேரும். கால் தரையில் பதியாது, அறையின் வெளிச்சம் ஒரு பக்கமும் உருவத்தின் நிழல் இன்னொரு பக்கமும் விழும், நடிகரின் பார்வை பேயின் கண்ணுக்கு அரையடி கீழே போகும். 'கிராஃபிக்ஸ் மோசம்' என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்த மூன்றில் எது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும்.

இரண்டாவது இடம், சட்டமில்லாத பேய். என்னைக் கேட்டால் ஏமாற்றிய படங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் விழுகின்றன. பேய்க்கும் ஒரு சட்டம் வேண்டும்: எங்கே வரும், எப்போது வராது, அதற்கு என்ன வேண்டும், எதைக் கண்டால் விலகும். 2018இல் வந்த 'எ கொயட் பிளேஸ்' படத்தின் சட்டம் ஒரே வரி: சத்தம் போட்டால் சாவு. அதனால் படிக்கட்டில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ஆணி போதும், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ள. சுவரைக் கடந்து வரும், ஆளைத் தூக்கி எறியும், கனவில் நுழையும், கைப்பேசியில் பேசும் என்று எல்லாம் முடிந்த பேய் ஏன் முதல் பத்து நிமிடத்திலேயே எல்லாரையும் முடித்துவிடவில்லை? 'படம் இரண்டு மணி நேரம் ஓட வேண்டுமே' என்பதைத் தவிர பதில் இல்லாவிட்டால் பயம் போய்விடும். சோதனை எளிது. நாற்பதாவது நிமிடத்தில், இந்தப் பேயின் சட்டம் என்ன என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் பிறகு வரும் ஆபத்து எதுவும் ஆபத்தாகத் தெரியாது. இருட்டில் மட்டும் வரும் என்று சொல்லிவிட்டு கிளைமாக்ஸில் பட்டப்பகலில் நிறுத்துவதும் இதே நோய்தான்.

'ஏன் தனியா அந்த நிலவறைக்குப் போறா?' என்ற வழக்கமான புகார் அவ்வளவு வலுவானது இல்லை. மனிதர்கள் முட்டாள்தனம் செய்வார்கள். போவதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். உள்ளே குழந்தை அழுகிறது என்றால் நாமும்தான் போவோம். காரணமில்லாமல் அனுப்பும்போது கதாபாத்திரத்தின் பின்னால் கயிறு தெரிகிறது. அதேபோல, யாரோ ஒரு பெரியவர் வந்து பேயின் முழு வரலாற்றையும் பத்து நிமிட ஃப்ளாஷ்பேக்கில் ஒப்பிப்பதும் பிடியைக் கழற்றிவிடும். புரிந்துவிட்ட பேய் பாதிப் பேய்.

மூன்றாவது, முடிவு. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மதிப்பெண் குளறுபடியில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. பயந்தபோது உடம்பில் ஏறிய படபடப்பு, ஆபத்து நீங்கியதும் சட்டென்று இறங்காது. மிச்சமிருக்கும் அந்த வேகம், தப்பித்த நிம்மதியோடு சேர்ந்து அதைப் பெரிய சந்தோஷமாக்கிவிடும் என்பது உளவியலாளர் டால்ஃப் ஸில்மனின் விளக்கம். திகில் படம் பார்த்துவிட்டு வெளியே வரும் கூட்டம் சிரித்துக்கொண்டே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியானால் நிம்மதியே தராமல் முடியும் படத்தில் மிச்சப் படபடப்பு எங்கே போய்ச் சேரும்? கசப்பில். இன்னொன்று, ஓர் அனுபவத்தை நாம் நினைவில் வைத்து மதிப்பிடும்போது அதன் உச்சமும் முடிவும்தான் அதிகம் எடை பெறுகின்றன என்று உளவியலாளர் டேனியல் கானமன் காட்டினார். எண்பது நிமிடம் நன்றாக இருந்த படத்தின் கடைசிப் பத்து நிமிடம் சொதப்பினால் மொத்தப் படமும் மொக்கை என்று நினைவில் பதிவதற்கு இதுவே போதும்.

இப்போது எண்களுக்கு வரலாம். ஒரே படத்துக்கு நாலு இடத்தில் நாலு மதிப்பெண் என்றால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. நாலு பேரும் வேறு வேறு பொருளை அளக்கிறார்கள்.

விமர்சனங்களைத் தொகுக்கும் தளமான ராட்டன் டொமேட்டோஸின் 90 சதவீதம் என்பது நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் அல்ல. நூறு விமர்சகர்களில் தொண்ணூறு பேர் 'பரவாயில்லை, பார்க்கலாம்' அல்லது அதற்கு மேல் சொன்னார்கள் என்பதுதான். நூறு பேரும் பத்துக்கு ஆறு போட்டு, அதை ஆதரவாகக் கணக்கில் எடுத்தால் 100 சதவீதம் வந்துவிடும். எழுபது பேர் பத்துக்குப் பத்தும் முப்பது பேர் பத்துக்கு இரண்டும் போட்டால் சராசரி 7.6, ஆனால் தளம் காட்டுவது 70. யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத முதல் படம், எழுபது பேரை உலுக்கிய இரண்டாவது படத்தைவிட மேலே நிற்கும். திகில் என்பதே ஆளைப் பிரிக்கிற வகை என்பதால் இந்தக் கணக்கு அதற்கு ரொம்பவே அநியாயம் செய்கிறது. பக்கத்தில் மெட்டாகிரிட்டிக் என்ற இன்னொரு தொகுப்புத் தளத்தின் எண்ணையும் வைத்துப் பாருங்கள். அது எடை கொடுத்துப் போட்ட சராசரி. ராட்டன் டொமேட்டோஸில் 95, மெட்டாகிரிட்டிக்கில் 65 என்றால் 'எல்லாருக்கும் ஓரளவு பிடித்தது, யாரும் தூக்கம் தொலைக்கவில்லை' என்று படிக்க வேண்டும்.

பொதுமக்கள் வாக்களிக்கும் ஐஎம்டிபி தளத்தில் எண்ணைவிட அதன் கீழே இருக்கும் வாக்குப் பரவல்தான் பயன். வெறும் 6.1 ஒன்றும் சொல்லாது. ஆறிலும் ஏழிலும் குவிந்திருந்தால் சாதாரணப் படம். பத்திலும் ஒன்றிலும் இரண்டு கோபுரமாக நின்றால் அது அடிதடியைக் கிளப்பிய படம், உங்களுக்கு எந்தப் பக்கம் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். வெளியான முதல் இரண்டு மூன்று நாளின் எண்ணை நம்பக் கூடாது. முதலில் வாக்களிப்பவர்கள் ரசிகர்களும் கோபக்காரர்களும்தான்.

சினிமாஸ்கோர் வேறு ரகம். அமெரிக்காவிலும் கனடாவிலும் வெளியீட்டு நாளில் அரங்கை விட்டு வருபவர்களிடம் அட்டை கொடுத்து ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் கேட்பார்கள். எட் மின்ட்ஸ் என்பவர் 1970களின் இறுதியில் தொடங்கியது. ஒரு நகைச்சுவைப் படம் ஏமாற்றியதில் பிறந்த யோசனை என்பது நம் தலைப்புக்குப் பொருத்தமான தகவல். இங்கே அட்டையை நிரப்புபவர் முதல் நாளே காசு கொடுத்து வந்தவர், டிரெய்லரைப் பார்த்து எதையோ எதிர்பார்த்து வந்தவர். ஆக, இந்தத் தரம் படத்தின் தரத்தைவிட 'சொன்னதைக் கொடுத்தார்களா' என்பதையே அதிகம் அளக்கிறது. 2018இல் 'ஹெரெடிட்டரி' படத்துக்கு விமர்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆதரவு. சினிமாஸ்கோரில் டி பிளஸ். 2017இல் 'மதர்!' எஃப் வாங்கியது. 2013இல் 'தி கான்ஜுரிங்' ஏ மைனஸ். முதல் இரண்டும் பார்ப்பவரை நிம்மதியில்லாமல் வெளியே அனுப்பும் படங்கள். மூன்றாவது, குடும்பம் காப்பாற்றப்பட்டு, பேய் அடங்கி, வீட்டில் வெளிச்சம் வந்து முடியும் படம். திகில் படங்களுக்கு அங்கே சி வட்டாரத் தரம் வருவதே சகஜம். ஒரு காதல் படத்துக்கு சி வந்தால் கவலைப்படலாம். பேய்ப்படத்துக்கு அது கிட்டத்தட்ட வழக்கமான நிலை.

உங்கள் கேள்வியில் இருக்கும் முரண், விமர்சகர் 90, மக்கள் அதில் பாதிகூட இல்லை என்பது, அநேகமாக இந்த வகை: மெதுவாகக் கொதிக்கும் படத்தை ஜம்ப் ஸ்கேர் படம்போல விற்றிருப்பார்கள். டிரெய்லர் இரண்டரை நிமிடத்தில் படத்திலுள்ள எல்லாத் துள்ளல்களையும் அடுக்கிவிட்டது. அரங்கில் உட்கார்ந்தவர் அடுத்தது எப்போது என்று காத்திருந்தார். படமோ ஒரு குடும்பத்தின் துக்கத்தைப் பேசிக்கொண்டிருந்தது. இங்கே குறை விளம்பரத்தில். மறுபக்கம், விமர்சகர்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் படம் பார்ப்பவருக்குப் புதுமையே பெரிய பரிசு. பயம் வந்ததா என்பதைவிட 'இது எதைப் பற்றிய உருவகம்' என்பதில் மயங்கிவிடுவார். விமர்சனம் முழுக்கத் துக்கம், தலைமுறைக் காயம் என்று பேசி, ஒரு காட்சியைக்கூட வர்ணிக்கவில்லை என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

பார்த்த விதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் திகில் அளவுக்குச் சூழலைச் சார்ந்த வகை வேறில்லை. அரங்கில் திரைப்பக்க ஒலிவழி ஒவ்வொன்றும் 85 டெசிபலை அடிப்படையாக வைத்துச் சீரமைக்கப்படுகிறது. உச்சம் 105 வரை போகும். வீட்டில் வசனம் கேட்கும் அளவுக்கு ஒலியை வைப்போம், கிசுகிசுப்பு கேட்காது. கூட்டினால் அலறல் பக்கத்து வீட்டை எழுப்பும். அதற்காகத் தொலைக்காட்சியிலும் சவுண்ட்பாரிலும் 'நைட் மோட்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மெல்லிய ஒலியை உயர்த்தி, பெரிய ஒலியைத் தாழ்த்துவதுதான் அதன் வேலை. திகில் படத்தின் உயிர்நாடியே இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான். அந்த நைட் மோடை முதலில் அணையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' அமைப்பையும் அணையுங்கள். பேய் சின்னத்திரைத் தொடர் நடிகர் போல நடந்து வருவது அதனால்தான். இருட்டுக் காட்சிகளில் கறுப்பு கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது இணையவழிச் சுருக்கத்தின் குறை, ஒளிப்பதிவாளரின் குறை இல்லை. அறை விளக்கை அணைத்து, இடைநிறுத்தாமல் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு 'பயமே இல்லை' என்பது செல்லாத ஓட்டு. சேர்த்துவைத்த பதற்றம் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குப் போகிறது.

இவையெல்லாம் ஒழுங்காக இருந்தும் படம் ஏமாற்றியது என்றால், அடுத்தவர் கருத்தைப் படிப்பதற்கு முன் மூன்று வரி எழுதிவையுங்கள். எந்தக் காட்சியில் பிடி விட்டது. பேயின் சட்டம் என்ன. யாருக்கு என்ன ஆகிவிடுமோ என்று பயந்தீர்கள். மூன்றாவதற்கு யார் பெயரும் வரவில்லை என்றால் பேயைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் அக்கறைப்பட ஒரு மனிதரைப் படம் கொடுக்கவில்லை. இரண்டாவது வரவில்லை என்றால் திரைக்கதை. முதலாவதாக நீங்கள் குறிப்பது கடைசிக் கால்மணி நேரத்துக் காட்சி என்றால் படம் கெட்டதில்லை, முடிவு கெட்டது. மதிப்பெண் போடும்போது அதைத் தனியாகச் சொல்லலாம்.

உங்களுக்கும் நண்பருக்கும் சண்டை தீரவில்லை என்றால் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து இரண்டு முறை போட்டுப் பாருங்கள். ஒருமுறை ஒலியை அணைத்து, ஒருமுறை திரைக்கு முதுகைக் காட்டி. ஒலி இல்லாமலும் அந்தக் காட்சி சங்கடப்படுத்தினால் சட்டகம் வேலை செய்கிறது. உங்கள் நண்பர் அதைத்தான் பார்த்திருக்கிறார். திரையைப் பார்க்காமல் கேட்டபோது எந்த இடத்தில் படார் வரும் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்ல முடிந்தால், நீங்கள் கொட்டாவி விட்டதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.